"நின்னு போச்சு" என்றால் மூன்று அர்த்தம்: ஒரு லூமியா 640-இன் நிகழ்வு ஆய்வு

அத்தை அந்த போனைக் கொடுக்கும்போது சொன்னது இரண்டே வரி. "அடிக்கடி நின்னு போகுதுடா" என்பது ஒன்று. "போன் போனா போகட்டும், அதுல இருக்கிற போட்டோவும் நம்பரும் எனக்கு வேணும்" என்பது இன்னொன்று. முதல் வரிக்கு என்ன அர்த்தம் என்று புரிந்துகொள்ளவே எனக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளில் செய்த தவறுகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

போன் லூமியா 640. மைக்ரோசாஃப்ட் 2015-இல் கொண்டுவந்த மாடல். ஐந்து அங்குலத் திரை, ஸ்னாப்டிராகன் 400 சிப், 1 ஜிபி ரேம், 8 ஜிபி உள் சேமிப்பு, மெமரி கார்டுக்கு இடம், கழற்றி மாட்டக்கூடிய பேட்டரி. விண்டோஸ் போன் 8.1 என்ற இயங்குதளத்துடன் விற்பனைக்கு வந்தது. இந்தக் கையில் இருந்தது பிறகு விண்டோஸ் 10 மொபைலுக்கு மாறி 1703 பதிப்பில் நின்றிருந்தது. இந்த மாடலுக்கு அதற்கு மேல் பதிப்பு கிடையாது. 1703-க்கான ஆதரவும் 2019 ஜூன் 11-ஓடு முடிந்துவிட்டது. அத்தை வேறு போனுக்கு மாறி இதை அலமாரியில் போட்டு மூன்று வருடம். பழைய படங்களைப் பார்க்க ஆசைப்பட்டு எடுத்திருக்கிறார், சார்ஜ் போட்டிருக்கிறார், அப்புறம்தான் இந்தப் புகார். சிம் கார்டு உள்ளே இல்லை. அது ஒரு சாதாரணத் தகவல் என்று அன்று நினைத்தேன்.

ரீசெட் போடலாமா?

எனக்கு முன்னால் சித்தப்பா மகன் இதைப் பார்த்திருக்கிறான். அவனுடைய தீர்ப்பு: "ஹார்ட் ரீசெட் போட்டா சரியாயிடும்ணே." பட்டன் வரிசைகூட மனப்பாடமாக வைத்திருந்தான். போனை முழுவதும் துடைத்து, புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோவது அது. விண்டோஸ் போனில் எந்தக் கோளாறுக்கும் எல்லோரும் சொல்கிற மருந்து அதுதான். அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டதால் தப்பியது.

நான் வேண்டாம் என்றதற்கு முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: உள் சேமிப்பில் இருக்கும் படம், குறுஞ்செய்தி எல்லாம் அழியும். இரண்டாவது காரணத்தைத்தான் பலர் யோசிப்பதில்லை. 8.1-இன் பிந்தைய பதிப்புகளிலிருந்து இந்த போன்களில் ரீசெட் பாதுகாப்பு என்று ஒன்று உண்டு. திருடன் போனைத் துடைத்துவிட்டு விற்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. அது இயங்கிக்கொண்டிருந்தால், ரீசெட் முடிந்து போன் எழுந்ததும் பழைய மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அத்தைக்கு அது நினைவில் இல்லை. அதாவது ரீசெட் போட்டிருந்தால் படமும் போய், போனும் பூட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது காரணம் இந்த வகை போனுக்கே உரியது. ஆதரவு உள்ள போனை ரீசெட் செய்தால், ஆப் ஸ்டோரிலிருந்து ஆப்களையும் கிளவுடிலிருந்து பேக்கப்பையும் திரும்பப் பெறலாம். இங்கே வாட்ஸ்அப் 2019 டிசம்பர் 31-ஓடு விண்டோஸ் போன்களை விட்டது. 8.1-க்கான ஆப் ஸ்டோர் அதே டிசம்பர் 16-இல் மூடப்பட்டது. விண்டோஸ் 10 மொபைலில் புதிதாக பேக்கப் எடுக்கும் வசதி 2020 மார்ச் 10-இல் நிறுத்தப்பட்டது. இந்த போனில் இன்று நிறுவப்பட்டிருப்பதுதான் சொத்து. துடைத்துவிட்டால் திரும்பி வரும் என்ற உறுதி இல்லை.

சார்ஜிங் துளையில் வீணான ஒரு மாலை

"நின்னு போகுது" என்றதும் போன் அணைந்துவிடுகிறது என்று எடுத்துக்கொண்டேன். சார்ஜ் எண் வேறு தாவித் தாவி ஏறியது. ஆகவே சார்ஜ் சரியாக ஏறவில்லை, சார்ஜிங் துளையில் அழுக்கு என்று முடிவுகட்டினேன். போனை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, பல்குத்தும் குச்சியால் துளையைச் சுரண்டினேன். கணிசமாகப் பஞ்சு வந்தது. பஞ்சு வந்த திருப்தியில் நோய் குணமாகிவிட்டது என்று நினைப்பது மனித இயல்பு. கேபிளையும் மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை.

அடுத்த நாள் அத்தையிடம் போனைத் திருப்பிக் கொடுத்து ஒரு வேலை வைத்தேன். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் திரை எப்படி இருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். "நின்னு போச்சுன்னா நின்னு போச்சுதான், இதுல என்னடா எழுதறது?" என்றார். ஆனாலும் எழுதினார்.

இரண்டு நாளில் ஒன்பது வரி சேர்ந்தது. நான்கு வரியில் "கறுப்பாச்சு. பட்டனை அழுத்தி ஆன் பண்ணேன்." மூன்று வரியில் "படம் அப்படியே நின்னுச்சு, தொட்டா நகரலை." மீதி இரண்டில் "மெயில் திறந்தேன், மேல புள்ளி ஓடிக்கிட்டே இருந்துச்சு, வரலை."

மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லியிருக்கிறார். நானும் ஒரே நோய் என்று நம்பி ஒரே மருந்தைத் தேடியிருக்கிறேன். அணைவது வேறு, உறைவது வேறு, காத்திருப்பது வேறு. முதலாவதில் மின்சாரம் போகிறது. இரண்டாவதில் மின்சாரம் இருக்கிறது, உள்ளே ஏதோ ஒன்று பதிலுக்காக மாட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதில் போன் நன்றாகவே இருக்கிறது, வெளியே இருப்பவன் பேச மறுக்கிறான். இதற்குப் பிறகு வேலை எளிதானது. எளிது என்றால், எதை எதோடு குழப்பக் கூடாது என்று தெரிந்தது, அவ்வளவே.

கறுப்புத் திரை

கறுப்பான நான்கு முறையில் மூன்று முறை கேமரா திறந்திருந்தது, ஒரு முறை வைஃபை. சார்ஜ் எவ்வளவு என்று அத்தை எழுதியிருந்தார்: 40-க்கு மேல்தான் எல்லாமே. நானே சோதித்தேன். 58 சதவீதத்தில் ஃபிளாஷை எரியவிட்டு வீடியோ எடுத்தேன். பத்து நொடிக்குள் அணைந்தது. மறுபடி ஆன் செய்தால் 12 சதவீதம் என்றது.

இது பழைய லித்தியம் பேட்டரியின் அடையாளம். வயதாக ஆக பேட்டரியின் உள்தடை, அதாவது மின்னோட்டத்தைப் பேட்டரியே உள்ளே தடுக்கும் அளவு, கூடும். சும்மா இருக்கும்போது அளந்தால் 3.8 வோல்ட் காட்டும், நல்ல பேட்டரிபோலவே இருக்கும். உள்தடை 0.3 ஓம் ஆகிவிட்ட பேட்டரியிலிருந்து போன் திடீரென்று 1.5 ஆம்பியர் இழுத்தால் அந்தக் கணத்தில் 0.45 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். போனுக்கு 3.35 வோல்ட்தான் எட்டும். காலியாகிவிட்டது என்று எண்ணி அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சுமை நீங்கியதும் வோல்ட் திரும்ப ஏறும். சார்ஜ் எண் 58-இலிருந்து 12-க்கும் பிறகு 30-க்கும் தாவியதன் காரணம் இதுதான். துளையில் இருந்த பஞ்சு பாவம், ஒன்றும் செய்யவில்லை.

மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்து "வோல்ட் சரியா இருக்கு" என்று விட்டுவிடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சுமை கொடுக்காமல் அளப்பதில் பயனில்லை. ஃபிளாஷும் வீடியோவும் சேர்ந்ததே நல்ல சுமை.

பேட்டரியைக் கழற்றி சமதளத்தில் வைத்துச் சுண்டிவிட்டேன். தட்டையான பேட்டரி உரசிக்கொண்டு நிற்கும். இது லேசாகச் சுழன்றது. நடுவில் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அன்றோடு அதற்குச் சார்ஜ் போடுவதை நிறுத்தினேன். உப்பிய பேட்டரியை அழுத்தித் தட்டையாக்கப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது, "இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்" என்று நினைப்பது எல்லாமே ஆபத்து. மின்கழிவாக ஒப்படைக்க வேண்டிய பொருள் அது.

புதிய பேட்டரி வாங்கியதிலும் ஒரு சறுக்கல். இந்த போனுக்கு உரியது பிவி-டி5சி, 2500 மில்லி ஆம்பியர் மணி. நான் முதலில் வாங்கியதில் 3500 என்று அச்சிட்டிருந்தது. அதே அளவு, அதே கனம், ஆனால் நாற்பது சதவீதம் கூடுதல் கொள்ளளவு! அப்படி நடக்காது என்று தெரிந்தும் ஆசைப்பட்டேன். பாதி நாள்கூடத் தாங்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு 2500 என்றே போட்டிருந்த இன்னொன்றை வாங்கினேன். அதில் ஃபிளாஷ் வீடியோ சோதனை ஐந்து நிமிடம் ஓடியது, கறுப்பு இல்லை. பழைய போனுக்குப் பேட்டரி வாங்கும்போது, அசல் எண்ணைவிடப் பெரிய எண் அச்சிட்டிருந்தால் அதை வாங்காமல் இருப்பதே உத்தமம்.

ஒரு சின்னக் குறிப்பு. வருடக்கணக்காகக் கிடந்த போனைச் சார்ஜரில் செருகினால் முதலில் எந்த அசைவும் தெரியாமல் இருக்கலாம். அடிமட்டத்துக்கு இறங்கிய பேட்டரிக்குள் மிகச் சிறிய மின்னோட்டமே முதலில் போகும். அரை மணி நேரமாவது தொடாமல் விட வேண்டும். கணினியின் யுஎஸ்பி துளையைவிடச் சுவரில் செருகும் சார்ஜர் நல்லது.

உறைந்த படம்

புதிய பேட்டரி போட்டதும் மூன்று விதமான நிற்றலும் தீர்ந்துவிடும் என்று மனதுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. படங்களைக் கணினிக்கு மாற்ற உட்கார்ந்தேன்.

விண்டோஸ் போன் 8 முதல் இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். கேபிளில் இணைத்தால் மீடியா சாதனமாகத் தெரியும். பிக்சர்ஸ் ஃபோல்டரைத் திறந்து இழுத்துப் போட வேண்டியதுதான். போன் பூட்டியிருந்தால் ஃபோல்டர் காலியாகத் தெரியும். அதைப் பார்த்து "படமே இல்லையே" என்று பதறுகிறவர்கள் உண்டு. பின் எண்ணைப் போட்டுத் திரையைத் திறந்துவிட்டு மறுபடி பார்த்தால் எல்லாம் வந்துவிடும்.

உள் சேமிப்பில் இருந்தவை சிக்கலின்றி வந்தன. மெமரி கார்டில் இருந்தவை 340-ஆவது படம் வரை வந்தன, அங்கே நின்றன. போன் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது, தொட்டால் அசையவில்லை. ஒலிக் குறைப்பு பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து, அதிர்வு வரும்வரை ஏறக்குறைய பத்து நொடி அழுத்தினால் போன் மறுதொடக்கம் ஆகும். இதைத்தான் சாஃப்ட் ரீசெட் என்கிறோம்; எதையும் அழிக்காது. மறுதொடக்கம் ஆனதும் மறுபடி நகலெடுத்தேன். அதே 340-ஆவது படத்தில் மறுபடி உறைந்தது.

நல்ல பேட்டரி, கேபிள் செருகியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஒரே இடம். பேட்டரிக்கோ சிஸ்டத்துக்கோ 340 என்ற எண்மேல் தனிக் கோபம் எதுவும் இருக்க முடியாது. கார்டில் அந்த இடம் கெட்டிருக்கிறது. சிஸ்டம் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது, கார்டு பதில் சொல்லவில்லை, படங்களைக் காட்டும் ஆப் காத்து நிற்கிறது, அதோடு போன் முழுவதும் காத்து நிற்கிறது. அத்தையின் தாளைத் திரும்பப் பார்த்தேன். "தொட்டா நகரலை" என்ற மூன்று வரியிலும் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்ததாகத்தான் எழுதியிருந்தார். விடை முதலிலேயே அங்கே இருந்திருக்கிறது.

அதன்பிறகு போன் வழியாகக் கார்டைத் தொடவே இல்லை. போனை அணைத்து, கார்டை எடுத்து, கார்டு ரீடரில் போட்டு, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழுக் கார்டையும் ஒரே ஃபைலாக நகலெடுத்தேன். சாதாரண நகலெடுப்பு கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இது அதைத் தாண்டிப் போய், நல்ல பகுதி அனைத்தையும் முதலில் காப்பாற்றிவிட்டு, கடைசியில் கெட்ட பகுதிக்குத் திரும்பி வரும். சாகப்போகும் கார்டில் இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் எத்தனை முறை படிக்க அது உயிரோடிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நகலிலிருந்து படங்களைப் பிரித்தெடுத்தேன். மொத்தம் 1,126 படங்களில் 11 போயின. அத்தையிடம் சொன்னபோது எந்தப் பதினொன்று என்றுதான் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கார்டில் டபிள்யூபிசிஸ்டம் என்றொரு ஃபோல்டரும் இருந்தது. ஆப்களைக் கார்டில் நிறுவச் சொன்னால் போன் அவற்றைத் தன் சாவியால் மறைகுறியாக்கி அதில் வைக்கும். கணினியில் அதைத் திறந்தாலும் பயனில்லை. ஹார்ட் ரீசெட்டுக்குப் பிறகு அதே போனுக்கே அந்த ஃபோல்டர் அந்நியமாகிவிடும், இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு கிடக்கும். ரீசெட் செய்தாலும் கார்டில் உள்ள ஆப் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் கவனிக்க. படமும் பாட்டும் அப்படியல்ல, அவை திறந்தபடியே கிடக்கும்.

புதிய கார்டு போட்டதும் சேமிப்புப் பகுதிக்குப் போய் படம், பாட்டு, வரைபடம் மூன்றையும் கார்டில் சேமிக்கும்படி மாற்றினேன். ஆப்களை மட்டும் போனிலேயே விட்டேன். கார்டு போனால் படத்தை நகலிலிருந்து எடுக்கலாம், இன்று ஒரு ஆப் போனால் எங்கிருந்து எடுப்பது?

ஓடிக்கொண்டே இருந்த புள்ளிகள்

கடைசியாக மெயில். ஒத்திசைக்கச் சொன்னால் புள்ளிகள் ஓடும், பிறகு 80072எஃப்8எஃப் என்ற பிழை எண் வரும். எண்ணைப் பார்த்ததும் திரையின் மூலையில் நேரத்தைப் பார்த்தேன். நேரம் சரியாகத்தான் இருந்தது. புதிய பேட்டரி போட்ட பிறகு அத்தை அதைக் கையால் திருத்தியிருக்கிறார். தேதியை அவர் தொடவில்லை. போனின் கணக்கில் பல வருடங்களுக்கு முந்தைய ஏதோ ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்தது.

பாதுகாப்பான இணைப்பு ஏற்படும்போது எதிர்முனை ஒரு சான்றிதழைக் காட்டும். இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். போனின் தேதி பின்னால் இருந்தால், இன்னும் பிறக்காத சான்றிதழாக அது தெரியும். போன் ஏற்க மறுக்கும். மெயில், ஸ்டோர், கணக்கு நுழைவு எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதுபோல் தோன்றும். "சர்வரை மூடிட்டாங்க, இனி அவ்வளவுதான்" என்று போனைத் தூக்கி எறிந்தவர்களில் எத்தனை பேர் தேதியைப் பார்த்திருப்பார்கள்?

தேதி ஏன் பின்னால் போனது? இந்த போன்கள் தானாக நேரம் அமைப்பது முக்கியமாக சிம்மின் நெட்வொர்க் தரும் தகவலைக் கொண்டு. அலமாரியில் பேட்டரி அடியோடு காலியானதும் உள் கடிகாரம் நின்றுவிட்டது. சிம் இல்லாததால் திருத்தித் தரவும் ஆளில்லை. புதிய பேட்டரிக்காகக் காத்திருந்த இரண்டு நாளும் பழையதைக் கழற்றியே வைத்திருந்தேன். இப்போது தேதியைத் திருத்தி மெயில் வந்த பிறகு, அந்த ஊகத்தைச் சோதிக்க மறுபடி இரண்டு நாள் பேட்டரியைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். தேதி திரும்பப் பின்னால் போனது, அதே பிழை எண் திரும்ப வந்தது. போதும், உறுதியாயிற்று.

செட்டிங்ஸில் நேரமும் மொழியும் பகுதிக்குப் போய், தானியங்கி அமைப்பை அணைத்து, தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் கையால் போட வேண்டும். வருடத்தை மறக்கக்கூடாது. நாளும் மாதமும் சரியாகப் போட்டு வருடத்தைத் தவறவிடுவது நான் பார்த்த மட்டில் சகஜம்.

தொடர்பு எண்கள் இந்த வழியாகத்தான் வெளியே வந்தன. அத்தையின் கணக்குக் கடவுச்சொல்லை அவருடைய இப்போதைய கைபேசிக்கு வரும் குறியீட்டைக் கொண்டு மீட்டோம். போனில் அதைப் புதுப்பித்ததும், இத்தனை வருடம் ஏறாமல் தேங்கியிருந்த எண்கள் கணக்கில் ஏறின. கணினியில் அவுட்லுக் தளத்தின் தொடர்புப் பட்டியலைத் திறந்து சிஎஸ்வி என்ற அட்டவணை ஃபைலாக இறக்கிக்கொண்டேன். ஜிமெயில் கணக்கு மட்டும் அடம்பிடித்தது. வெறும் கடவுச்சொல்லோடு நுழையும் பழைய முறையைக் கூகுள் 2022-இல் நிறுத்திவிட்டது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, ஆப்புக்கென்று தனிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி, கூகுள் என்ற தேர்வை விட்டுவிட்டு மற்ற கணக்கு என்பதில் ஐமேப் என்ற பொதுவான மெயில் முறையில் சேர்த்தபோது வேலை செய்தது.

தேதி சரியாக இருந்தும் ஏதாவது தளம் சான்றிதழ் பிழை காட்டினால் காரணம் வேறாக இருக்கலாம். தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ்கள், போன் அவற்றை நம்புவதற்காகப் பல காலம் சாய்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. அதற்கு மாற்றான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 சான்றிதழின் ஃபைலைப் போனில் இறக்கித் தட்டினால் நிறுவிக்கொள்ளும். அதை அந்த அமைப்பின் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். மூலச் சான்றிதழை யாரோ கொடுத்தார்கள் என்று நிறுவுவது வீட்டுச் சாவியைத் தெருவில் கொடுப்பது மாதிரி.

ஒரு கொசுறு

அத்தை இந்த போனை ஏன் விட்டார் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். பேசும்போது திரை கறுப்பாகிவிடும், பேசி முடித்தாலும் வெளிச்சம் வராது, துண்டிக்க முடியாது என்றார். காது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அருகாமை உணரி இருக்கிறது. அதன்மேல் திரையைக் காக்கும் ஒட்டுப்படலம் ஒட்டியிருந்தது, விளிம்பில் தூசி. போன் எப்போதும் காதோடு இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. உரித்தேன், துடைத்தேன், சரியாயிற்று. ஒரு போனையே மாற்ற வைத்த கோளாறு, பத்து நொடி வேலை.

இனி இதை வைத்து என்ன செய்வது

ரீசெட் கடைசிவரை தேவைப்படவில்லை. தேவைப்படுகிறவர்களுக்காக வரிசையைச் சொல்லிவிடுகிறேன்: போனை அணைத்து, பவரும் ஒலிக் குறைப்பும் சேர்த்து அழுத்தி, அதிர்ந்ததும் பவரை விட்டு ஒலிக் குறைப்பை மட்டும் பிடித்திருந்தால் ஆச்சரியக்குறி வரும். பிறகு ஒலிக் கூட்டல், ஒலிக் குறைப்பு, பவர், ஒலிக் குறைப்பு. பல்சக்கரம் சுழலும்போது பேட்டரியைத் தொடக்கூடாது. கணக்கின் கடவுச்சொல் கையில் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

போன் எழும்போது எந்த சிஸ்டம் ஓடலாம் என்று தீர்மானிக்கும் பூட்லோடரைத் திறந்து வேறு விளையாட்டுகள் காட்டலாமே என்று சித்தப்பா மகன் கேட்டான். டபிள்யூபி இன்டர்னல்ஸ் என்ற கருவி இருக்கிறது, மூலக்குறியீடும் திறந்தே கிடக்கிறது. லூமியா 950-இல் கணினிக்கான விண்டோஸையே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அது 64-பிட் சிப். 640-இன் ஸ்னாப்டிராகன் 400 32-பிட், அதற்கு ஆகாது. எனக்கு இதில் லாபம் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

நான் செய்தது போனின் வேலையைக் குறைத்ததுதான். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கருவியில் வங்கி, பணம், முக்கியக் கடவுச்சொல் எதுவும் கூடாது. மீதி என்ன? பாட்டு, படம், அலாரம், குரல் பதிவு, ஆஃப்லைன் வரைபடம். இவை எதற்கும் சர்வர் வேண்டாம். ஆப்ஸ் கார்னர் என்றொரு வசதி இந்த சிஸ்டத்தில் உண்டு. தேர்ந்தெடுத்த நான்கைந்து ஆப் மட்டும் தெரியும்படி ஒரு தனித் திரை தரும். அத்தைக்கு அதை வைத்துக் கொடுத்தேன். பின்னணியில் ஓடும் ஆப்களை பேட்டரிப் பகுதியில் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு இரவில் பாட்டு மட்டும் கேட்டால் இப்போது மூன்று நாள் தாங்குகிறது. கறுப்புப் பின்னணி வைத்தால் சார்ஜ் மிச்சமாகும் என்று பலர் சொல்வது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட் திரை உள்ள 950 போன்றவற்றுக்குப் பொருந்தும். 640-இல் இருப்பது எல்சிடி. திரை கறுப்பாக இருந்தாலும் பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அதனால் வெளிச்ச அளவைக் குறைப்பதே இங்கே பலன் தரும்.

எஃப்எம் ரேடியோவில்தான் தோற்றேன். 8.1-இல் அது கூடவே வந்தது. விண்டோஸ் 10 மொபைலின் 2016 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அந்த ஆப்பை எடுத்துவிட்டது. மற்றவர்கள் எழுதிய ஆப்களின் நிறுவல் ஃபைல் கையில் இருந்தால், டெவலப்பர் பயன்முறையை இயக்கி, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தட்டி நிறுவலாம். அதற்குத் துணையான பொதி ஃபைல்களை முதலில் நிறுவ வேண்டும், இல்லையென்றால் எந்தச் செய்தியும் சொல்லாமல் கைவிட்டுவிடும். என்னிடம் நம்பத்தக்க ஃபைல் இல்லை. அத்தைக்கு ரேடியோ இல்லாதது ஒரு குறைதான், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போனைத் திருப்பிக் கொடுக்கும் முன் பின்மூடியின் உட்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினேன். மறுபடி அலமாரிக்குள் போய், பேட்டரி காலியாகி, யாரோ ஒருவர் பல மாதம் கழித்து இதைத் திறப்பார். அது அனேகமாக நானாகத்தான் இருக்கும். சீட்டில் எழுதியிருப்பது: "முதலில் தேதியைப் பார். வருடத்தையும்."